வலைக்கு முன் தண்ணீர்: கழிமுகத்து விலங்கு மிதவைகளைப் படிக்க வருகிறவர்களுக்கு

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மே மாதம் ஒரு வாளி தண்ணீர் மொண்டு பாருங்கள். அது கடல் தண்ணீர்தான், உப்பு ஆயிரத்துக்கு 33, 34 பங்கு இருக்கும். நவம்பரில் பெருவெள்ளம் வரும்போது அதே இடத்தில் மொண்டால் செம்மண் கலங்கல்தான் வரும், உப்பு ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஆறே மாதம். மீன் என்றால் நீந்தித் தப்பிவிடும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாத விலங்கு மிதவைகள், தண்ணீர் எப்படி மாறுகிறதோ அப்படியே மாறியாக வேண்டும், அல்லது இடத்தை வேறொருவருக்கு விட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த மாற்றத்தை நீங்களே அளந்து பார்ப்பதற்கான வழிகாட்டி இது. முதுகலைத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும் மாணவர்களையும் கல்லூரி ஆய்வகம் வைத்திருக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெள்ளாற்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதன் கரையிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே மிதவைகளைப் படித்து வருகிறார்கள். உங்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவு கிடைக்கும் இடத்தில் தொடங்குவது நல்லது. முறை என்னவோ எந்தக் கழிமுகத்துக்கும் பொருந்தும்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

"வெள்ளாற்றின் விலங்கு மிதவைகள்" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. "மழை ஓய்ந்து உப்பு ஏறும்போது எந்தக் கோபிபாட் (இறாலின் உறவான மிகச் சிறிய ஓட்டுயிர்) முதலில் திரும்பி வருகிறது?" என்பது கேள்வி. "முகத்துவாரத்தில் கிடைக்கிற வகைகள் மூன்று கிலோமீட்டர் உள்ளே எத்தனை குறைகின்றன?" என்பதும் கேள்விதான். எத்தனை மாதம், எத்தனை இடம், எந்த வலை என்பதெல்லாம் கேள்வியிலிருந்துதான் வரும். அது இல்லாமல் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆண்டு முடிவில் ஒரு இனப்பட்டியல் மிஞ்சும், அவ்வளவுதான்.

இடமும் நாளும்

முகத்துவாரத்தில் ஒன்று, கடல் நீர் ஏறி இறங்கும் நடுப்பகுதியில் ஒன்று, நன்னீர் அதிகம் கலக்கும் மேல்பகுதியில் ஒன்று என மூன்று நிலையங்களாவது வேண்டும். முடிந்தால் முகத்துவாரத்துக்கு வெளியே கடலிலும் ஒன்று. ஏன் என்பது கடைசியில் புரியும்.

தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டை நான்காகப் பிரிப்பது வழக்கம்: ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்குப் பிந்தைய காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை, ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கு முந்தைய காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிநாட்டுப் பாடநூல்களின் வசந்தமும் இலையுதிர் காலமும் இங்கே உதவாது. மாதம் ஒரு முறை போதும் என்பார்கள். நான் மாதம் இரண்டு முறை என்றே சொல்வேன். நம்முடைய 28, 30 டிகிரி தண்ணீரில் ஒரு சிறு கோபிபாட் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய இரண்டு வாரம் போதும். மாதம் ஒரு தடவை போனால் நடுவில் ஒரு தலைமுறையே வந்து போயிருக்கும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீர் ஏறும்போது முகத்துவாரத்தில் இருப்பது கடலின் கூட்டம். வற்றும்போது அதே இடத்தில் இருப்பது ஆற்றின் கூட்டம். எல்லா மாதமும் காலை எட்டு மணிக்குப் போனேன் என்று எழுதுவது ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு மாதம் ஏற்றத்தையும் அடுத்த மாதம் வற்றத்தையும் ஒப்பிட்டுவிட்டு அதைப் பருவ மாற்றம் என்று எழுதிவிடுவீர்கள்.

ஓதத்தை மட்டும் பிடித்து நேரத்தை விட்டாலும் சிக்கல்தான். பல மிதவைகள் பகலில் அடியில் தங்கி இரவில் மேலே வருகின்றன. காலை மாதிரியையும் மாலை மாதிரியையும் கலக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சுலபமான வழி சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். ஒரே திதியில் போங்கள். அமாவாசையன்று உச்ச ஏற்றம் எந்த மணிக்கு வருகிறதோ, அடுத்த அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் வரும். மாதம் இரண்டு முறை என்ற கணக்கும் இதிலேயே அடங்கிவிடும். ஓத அட்டவணையைப் பார்த்து நிமிடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படகுக்குக் கழிமுகத்தில் ஃபைபர் படகு போதும். கடலுக்கு வெளியே விசைப்படகு பேசி வைத்திருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பது நினைவிருக்கட்டும். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பக்கத்திலிருக்கும் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மழைக்காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்தால் திதியாவது ஒன்றாவது, போகாதீர்கள்.

தண்ணீரை முதலில் அளங்கள்

படகு நின்றதும் கை வலைக்குத்தான் போகும். பொறுங்கள். வலையும் படகின் விசிறியும் கலக்குவதற்கு முன்பே தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் செக்கி தட்டு. கயிற்றில் கட்டிய தட்டை நிழல் பக்கமாக இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். செலவே இல்லாத கருவி, ஆனால் வெள்ளக் காலத்தில் ஒளி எவ்வளவு குறைந்தது என்பதற்கு இதைவிட நேரடியான அளவு கிடையாது.

அடுத்து வெப்பநிலையும் உப்பும். உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும், தினமும் காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டு. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மேல்மட்ட நீர், அடிமட்ட நீர் இரண்டையும் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் இலேசான ஆற்று நீர் மேலே ஓட, கனமான கடல் நீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்திருக்கும். மேலே 6, அடியில் 25 என்று இருக்கும் நாளில் மேல்மட்டத்தில் மட்டும் வலை இழுத்துவிட்டு, கடல் இனங்கள் அழிந்துவிட்டன என்று எழுதினால் அது தப்பு. அவை காலடியில் இருக்கலாம்.

கரைந்த ஆக்சிஜனுக்கு வின்க்ளர் முறை என்றால் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பிப் படகிலேயே வினைப்பொருள்களைச் சேர்த்துவிடுங்கள். பச்சையத்துக்கும் சத்துப்புகளுக்கும் எடுக்கும் நீரை இருட்டுக் குப்பியில், ஐஸ் பெட்டியில் வையுங்கள். பச்சையம் முக்கியம், அதுதான் இந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு. நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகியவை அதற்கு ஒரு படி பின்னால். ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் சத்துப்புகளை விடலாம், பச்சையத்தை விடக்கூடாது.

அப்புறம் ஒரு வரி: கடந்த மூன்று நாளில் மழை பெய்ததா, மேலே அணைக்கட்டில் நீர் திறந்தார்களா, காற்று எந்தப் பக்கம். இதைப் படகோட்டும் அண்ணனிடமே கேளுங்கள். ஓட்டம் எப்போது திரும்பியது, சொறி (ஜெல்லி மீன்) எப்போது வர ஆரம்பித்தது என்பதை எந்தக் கருவியும் அவரளவுக்குச் சொல்லாது.

வலை

கண்ணியின் அளவுதான் நீங்கள் எதைக் காணப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்கிறது. பெருங்கடலில் 330 மைக்ரான் வலை பரவலாக ஓடியது, 1960-களின் சர்வதேச இந்தியப் பெருங்கடல் பயணத்தின் பொது வலையும் அதுவே. கரையோரத்துக்கு 200 மைக்ரான் பொதுவான அளவு. நம் கழிமுகங்களில் 158 மைக்ரான் வலையில் எடுத்த பழைய தரவு நிறைய இருக்கிறது. இங்கே கூட்டத்தில் பெரும்பங்கு ஆய்தோனா, பாராகலானஸ் மாதிரி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோபிபாட்கள். 330-இல் அவை பெரும்பாலும் நழுவிப் போய்விடும். முட்டையிலிருந்து வெளிவந்த நாப்ளியஸ் குஞ்சுகள் 200-இலேயே நழுவும். அதனால் 158 எடுத்துக்கொள்ளுங்கள், வேறு கண்ணியில் எடுத்த எண்களோடு உங்கள் அடர்த்தியை நேரடியாக ஒப்பிடாதீர்கள். டின்டின்னிட் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் இந்த வலையிலும் நிற்காது, அவற்றுக்கு வேறு முறை.

வலை வாயில் ஃப்ளோமீட்டர் (எவ்வளவு தூரத் தண்ணீர் உள்ளே போனது என்று எண்ணும் கருவி) கட்டுங்கள். இழுக்கும் முன் ஒரு எண், பின் ஒரு எண், இரண்டையும் குறியுங்கள். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். வேகமாக இழுத்தால் தண்ணீர் வலைக்குள் போகாமல் வாயிலேயே முட்டி ஒதுங்கும். வெள்ளக் காலத்தில் வண்டலும் இலைக் குப்பையும் கண்ணியை அடைத்துவிடும். ஃப்ளோமீட்டர் எண் வழக்கத்தைவிடத் திடீரென்று குறைந்தால் அடைப்பு என்று அர்த்தம். பத்து நிமிடம் இழுப்பதாக இருந்தால் மூன்று நிமிடமாகக் குறையுங்கள், வேண்டுமானால் இரண்டு முறை இழுங்கள்.

வலையை ஏற்றியதும் வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், மேலிருந்து கீழாக. வாய் வழியாக உள்ளே ஊற்றினால் அந்த வாளித் தண்ணீரில் இருக்கும் மிதவைகளும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். வாலில் கட்டிய குடுவையைக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். துள்ளித் துள்ளி நகரும் புள்ளிகள் கோபிபாட்கள். நிறமே இல்லாத மெல்லிய ஊசியாகச் சட்டென்று ஓடுவது அம்புப் புழுவான சஜிட்டா. நீளக் கழுத்தோடு, கண் மட்டும் கருப்பாகத் தெரியும் கண்ணாடி உடல், லூசிஃபர் என்ற சிறு இறால். குட்டிச் சொறிகளையும் சீப்புச் சொறிகளையும் இப்போதே எண்ணிக் குறித்துவிடுங்கள், ஃபார்மலினில் அவை சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும்.

கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. ஒன்பது பங்கு மாதிரிக்கு அதில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு; அதையே 10 சதவீத ஃபார்மலின் என்றும் எழுதுவார்கள். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு நீர்த்துப்போன கரைசலில் வைத்த மாதிரிகள் அழுகிவிடும். வெண்காரம் சேர்த்து அமிலத்தைத் தணித்துவிடுங்கள், இல்லையென்றால் நத்தை, சிப்பிக் குஞ்சுகளின் ஓடு கரையும். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் இது. கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். மரபணு வேலை செய்வதாக இருந்தால் ஃபார்மலின் கூடாது, தனிக் குப்பியில் 95 சதவீத எத்தனால். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டியது எப்படியும் உதிரும்.

எண்ணிக்கை

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வலை வாயின் விட்டம் 35 செ.மீ. என்றால் பரப்பு 0.096 சதுர மீட்டர். ஃப்ளோமீட்டர்படி 300 மீட்டர் இழுத்திருந்தால் வடிகட்டிய நீர் சுமார் 28.9 கன மீட்டர். மாதிரியை 200 மில்லிக்குக் கொண்டுவந்து, மெதுவாகக் கலக்கி, அகன்ற வாய்ப் பிப்பெட்டால் ஒரு மில்லி எடுத்து செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டில் (ஒரு மில்லி கொள்ளும், கட்டம் போட்ட எண்ணும் தட்டு) எண்ணுகிறீர்கள். 150 உயிர்கள். மொத்தம் 150 × 200 = 30,000. அதை 28.9 ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,040. ஒரே மில்லியோடு நிறுத்தாமல் மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பாருங்கள். சஜிட்டா, மீன் குஞ்சு மாதிரி பெரிதாகவும் அரிதாகவும் இருப்பவற்றை முழு மாதிரியிலும் தேடிப் பொறுக்கி எண்ண வேண்டும், ஒரு மில்லியில் அவை மாட்டாது.

அடையாளம் காண்பதில் முதல் மாதம் இனம் வரை போக வேண்டாம். முதலில் குழுக்களைப் பிரிக்கப் பழகுங்கள். நெற்றியின் இரு பக்கமும் கொம்பு நீட்டியிருக்கும் நாப்ளியஸ், பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும் கொட்டலசின் (பார்னக்கிள்) குஞ்சு. இரண்டு முட்டைப்பைகளை வாலின் இரு பக்கமும் சுமப்பது ஆய்தோனா பெண். கூம்பி ஒடுங்கும் உடல், குட்டை உணர்கொம்பு என்றால் யூட்டர்பைனா. கையில் இவை வந்தபின் கோபிபாட்களின் ஐந்தாம் காலைப் பிரித்து இனம் பார்க்கலாம். இந்தியக் கரையோரக் கோபிபாட்களுக்கு கஸ்தூரிரங்கன் 1963-இல் தந்த அடையாளத் திறவுகோல் இன்றும் பயன்படுகிறது. பெயர்களை மட்டும் கடல் உயிரினங்களின் உலகப் பதிவேட்டு இணையதளத்தில் சரிபாருங்கள். பழைய கட்டுரைகளின் லூசிஃபர் ஹான்செனி இப்போது பெல்செபப் ஹான்செனி ஆகிவிட்டது, இரண்டுமே பேயின் பெயர்கள்; பேய் மாறினாலும் பிராணி அதேதான்.

சூழலோடு பொருத்துவது

நம் கழிமுகங்களில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. குளிர் நாடுகளில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் பத்து இருபது டிகிரி ஏறி இறங்கும், அங்கே வெப்பநிலை ஆட்சி செய்கிறது. வெள்ளாற்றில் வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். உப்போ கிட்டத்தட்ட முழு அளவுக்கும் ஆடுகிறது. அதனால் கோடையிலும் மழைக்கு முன்னும் கடல் இனங்களான டெமோரா, சென்ட்ரோபேஜஸ், அக்ரோகலானஸ் உள்ளே வந்து கூட்டம் வளமாக இருக்கும், கூடவே சஜிட்டாவும் லூசிஃபரும். மழை வந்ததும் அடர்த்தியும் வகைகளும் சரியும். பிராக்கியோனஸ் மாதிரி நன்னீர்ச் சக்கர உயிரிகளும் நன்னீர்த் தெள்ளுப்பூச்சிகளும் ஆற்றோடு இறங்கி வரும். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும் அக்கார்ட்டியா, சூடோடயாப்டோமஸ், ஆய்தோனா வகைகள் நடுவில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும்.

ஆனால் மழையில் எண்ணிக்கை சரிந்தது உப்புக் குறைவாலா? இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். வெள்ளம் இரண்டு வேலை செய்கிறது: உப்பை இறக்குகிறது, உயிர்களைக் கடலுக்கு அடித்துக்கொண்டும் போகிறது. ஒரு கோபிபாட் தலைமுறைக்கு இரண்டு வாரம் வேண்டும். கழிமுகத்துத் தண்ணீர் முழுக்க இரண்டு நாளில் கடலுக்குப் போய்விடுகிறது என்றால், உப்பு ஒத்துப்போனாலும் அந்தக் கூட்டம் அங்கே நிலைக்க முடியாது. இரண்டையும் பிரிக்க வழி உண்டு. ஃபார்மலின் சேர்க்கும் முன் ஒரு பகுதியை நியூட்ரல் ரெட் சாயத்தில் வையுங்கள். உயிரோடிருப்பவை சிவக்கும், செத்தவை வெளிறியே இருக்கும். செத்த உடல்கள் நிறைய என்றால் உப்பதிர்ச்சி. செத்தவை இல்லாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்து, அதே வகைகள் முகத்துவாரத்துக்கு வெளியே உயிரோடு கிடைத்தால், அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன. கடலில் ஒரு நிலையம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

உணவு இன்னொரு பொறி. வெள்ளம் சத்துப்புகளைக் கொண்டுவருகிறது, ஆனால் கலங்கலில் ஒளி இல்லாததால் தாவர மிதவைகள் உடனே பெருகுவதில்லை. ஜனவரிக்குப் பின் நீர் தெளிந்ததும் அவை பெருகும், சில வாரம் கழித்து விலங்கு மிதவைகள் தொடரும், தொடர்ந்து அவற்றை மேய்ந்து குறைக்கும். ஆகவே ஒரே நாளின் பச்சையத்தையும் மிதவை எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் தொடர்பு எதிர்மறையாகவும் வரலாம். பச்சையத்தை ஒரு தடவை முன்னதாக நகர்த்தி, அதாவது போன தடவை எடுத்த பச்சையத்தை இந்தத் தடவை எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள்.

சொறிகள் பெருகிய நாளில் கோபிபாட் குறைந்திருந்தால் அதற்கு உப்பையோ வெப்பத்தையோ குற்றம் சொல்லாதீர்கள், தின்றுவிட்டிருக்கலாம். நொக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அந்த உயிர்தான். அது தாவர மிதவைகளோடு கோபிபாட் முட்டைகளையும் விழுங்கும். கூட்டமாக வந்தால் வலையே கூழாகிவிடும்.

கணக்குப் போடும்போது

வகைமைக்கு ஷானன் குறியீடு, மாதங்களையும் நிலையங்களையும் ஒப்பிட ப்ரே-கர்ட்டிஸ் ஒற்றுமை, சூழலோடு சேர்த்துப் பார்க்க ஆர்.டி.ஏ. (ரிடண்டன்ஸி அனாலிசிஸ்) அல்லது சி.சி.ஏ. (கனானிகல் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ்) என்று தொடங்கலாம், இலவசமாகக் கிடைக்கும் பாஸ்ட் மென்பொருளும் ஆர் மொழியின் வீகன் தொகுப்பும் இவற்றைச் செய்துவிடும். ப்ரே-கர்ட்டிஸ் பார்க்கும் முன் அடர்த்தியை நான்காம் படிமூலத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் எகிறிய ஆய்தோனா மற்ற எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

மென்பொருள் சொல்லாத ஒன்று உண்டு. கோடையில் வெப்பமும் உப்பும் சேர்ந்தே ஏறுகின்றன, மழையில் சேர்ந்தே இறங்குகின்றன. பன்னிரண்டு மாதத் தரவில் இரண்டுமே மிதவைகளோடு அழகாகத் தொடர்பு காட்டும், எது காரணம் என்று அதிலிருந்து தெரியவே தெரியாது. அதனால் மாதங்களை ஒப்பிடுவதோடு விடாமல், ஒரே நாளில் எடுத்த நிலையங்களையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். அன்றைக்கு மூன்று இடத்திலும் வெப்பநிலை அரை ஒரு டிகிரிக்குள்தான் வித்தியாசப்படும், உப்பு 30, 22, 9 என்று இறங்கியிருக்கும். அந்த வரிசையிலும் டெமோரா உள்ளே போகப் போகக் குறைந்தால் வெப்பத்தை ஒதுக்கிவிட்டு உப்பைக் கையில் எடுக்கலாம். குறையவில்லை என்றால் அடுத்த அமாவாசைக்கு அடிமட்டத்தில் ஒரு வலை சேர்த்து இழுத்துப் பாருங்கள்.